சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி: தொட்டாலே விஷமா?

கேள்வி: மலைப்பகுதிக்குச் சுற்றுலா போயிருந்தோம். பைன் மரங்களுக்கு அடியில் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த காளான் ஒன்றை என் ஒன்பது வயது மகள் பறித்து, கையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். தொட்டாலே விஷம் ஏறும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். வேகவைத்து நீரை வடித்தால் சாப்பிடலாம் என்கிறார் ஒருவர். பூச்சி அரித்த காளானில் விஷம் இருக்காது என்கிறார் இன்னொருவர். இணையத்தில் பார்த்தால் வேதத்தில் வரும் சோமம் இதுதான், கிறிஸ்துமஸ் தாத்தாவே இதிலிருந்து வந்தவர்தான் என்று காணொளிகள். தூக்கம் வரும் என்று இதன் சாறு சேர்த்த மிட்டாயும் விற்கிறார்கள். மகளோ இதைப் பள்ளி அறிவியல் கண்காட்சியில் வைக்க ஆசைப்படுகிறாள். எதை நம்புவது, என்ன செய்வது?
– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். தொட்டதால் எதுவும் ஆகாது. இந்தக் காளானின் நஞ்சு வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். காளானைப் பிடித்த கையோடு தின்பண்டம் எடுக்காமல், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஒருவேளை ஒரு துண்டைக் கடித்து விழுங்கியிருந்தாலும் அரை மணியிலிருந்து 2 மணி நேரத்துக்குள் குமட்டல், தள்ளாட்டம், உளறல் என்று ஏதாவது தெரிந்திருக்கும். நீங்கள் கடிதம் எழுதி அனுப்பும் வரை குழந்தை நன்றாக இருக்கிறாள் என்றால், இந்தக் காளானைப் பொறுத்தவரை கவலையை விட்டுவிடலாம்.

நீங்கள் சொல்லும் அடையாளத்துக்குப் பொருந்துவது ஃப்ளை அகாரிக். அறிவியல் பெயர் அமானிட்டா மஸ்காரியா. ‘மஸ்கா’ என்றால் லத்தீனில் ஈ. இதைப் பாலில் நசுக்கிப் போட்டு ஈயை ஒழிப்பார்கள் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே ஆல்பர்ட்டஸ் மாக்னஸ் எழுதிவைத்திருக்கிறார். ஈக்கள் பெரும்பாலும் சாவதில்லை. மயங்கி விழுந்து பாலில் மூழ்குகின்றன. பாலில் விழாதது சில மணி நேரத்தில் எழுந்து பறந்தும் போகும். 1753இல் லின்னேயஸ் அறிவியல் பெயர் சூட்டியபோதும் அந்த ஈயை விடவில்லை.

சிவப்பும் வெள்ளையும் கண்டவுடனே பெயர் சொல்லிவிடக் கூடாது. கையில் காளான் இன்னும் இருந்தால் வரிசையாகப் பாருங்கள். விரிந்த குடை 8 முதல் 20 செ.மீ. அகலம் இருக்கும். அந்த வெள்ளைப் புள்ளிகள் தோலின் நிறம் அல்ல. காளான் குஞ்சாக இருக்கும்போது முழு உடலையும் மூடியிருந்த வெள்ளை உறை, குடை விரிய விரியக் கிழிந்து, துணுக்குகளாக மேலே தங்கிவிடுகிறது. நகத்தால் மெல்லத் தள்ளினால் கழன்று வரும். ஒரு நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். அப்போது புள்ளியே இல்லாத வழுவழுப்பான சிவப்புக் குடை மிஞ்சும். வெயிலும் மழையும் பட்டால் சிவப்பும் வெளுத்து ஆரஞ்சாகிவிடும். பீட்ரூட்டின் சாயம் எந்தக் குடும்பமோ இதன் சாயமும் அதே குடும்பம், தண்ணீரில் கரையக்கூடியது. ஆகவே இதைப் புள்ளியை வைத்தோ நிறத்தை வைத்தோ மட்டும் அடையாளம் காண்பவர் என்றாவது ஒரு நாள் ஏமாறுவார்.

குடையைத் திருப்பினால் மீன் செவுள் போல அடுக்கடுக்கான தகடுகள் வெள்ளையாக இருக்கும். தண்டைத் தொடாமல் சற்று விலகி நிற்கும். தண்டின் மேற்பகுதியில் பாவாடை போலத் தொங்கும் வெள்ளை வளையம். முக்கியமான அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது: தண்டின் அடி வெங்காயம் போலப் பருத்து, அதன்மேல் இரண்டு மூன்று வரிசையாகச் செதில் வளையங்கள் சுற்றியிருக்கும். பிடித்து இழுத்தால் இந்த அடிப்பகுதி மண்ணிலேயே நின்றுவிடும். கத்தியை நாலு விரற்கடை ஆழத்துக்குச் செருகி நெம்பித்தான் எடுக்க வேண்டும். அடி இல்லாத காளானை வைத்துக்கொண்டு எந்த நிபுணரும் உறுதியாகப் பெயர் சொல்ல மாட்டார்.

வித்துத்தூளையும், அதாவது செவுளிலிருந்து உதிரும் விதை போன்ற நுண்தூளையும், எடுத்துப் பார்க்கலாம், மகளுக்கும் பிடிக்கும். பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான ஒரு தாளில், தண்டை வெட்டிய குடையைச் செவுள் கீழ்நோக்கி வைத்து, குடையின் உச்சியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அகலக் கிண்ணத்தால் கவிழ்த்து மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் கறுப்புப் பக்கத்தில் வெள்ளைத் தூள் கதிர் கதிராகப் பதிந்திருக்கும். கடையில் வாங்கும் பட்டன் காளானுக்கு இதே வேலையைச் செய்தால் தூள் கரும்பழுப்பாக விழும். ஆனால் வெள்ளைத் தூள் விழுந்ததால் நல்லது என்றோ கெட்டது என்றோ முடிவு கட்டக் கூடாது. இனம் பிரிக்க உதவும் பல அடையாளங்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

ஏமாறுவது எங்கே என்றால், இரண்டு இடங்களில். ஒன்று முட்டைப் பருவம். மண்ணைப் பிளந்து வரும்போது இது வெள்ளை உருண்டையாக, உண்ணத்தக்க பந்துக் காளான் போலவே இருக்கும். நெடுக்கில் இரண்டாக வெட்டிப் பாருங்கள். பந்துக் காளான் உள்ளே பன்னீர்க் கட்டி போல ஒரே வெள்ளை. இதில் சின்னக் குடை, செவுள், தண்டு எல்லாம் கோட்டுச் சித்திரம் போலத் தெரியும். மேல்தோலுக்குக் கீழே மெல்லிய மஞ்சள் கோடும் ஓடும். இரண்டாவது, தென் ஐரோப்பாவில் விரும்பிச் சாப்பிடும் சீசர் காளான். அதன் குடையும் செம்மஞ்சள்தான். ஆனால் செவுளும் தண்டும் முட்டை மஞ்சள்கரு நிறம். அடியில் கிழிந்த வெள்ளைப் பை இருக்கும். 1897இல் வாஷிங்டன் நகரில் டி வெக்கி என்ற இத்தாலியத் தூதரக அதிகாரி, தன் நாட்டில் உண்ணும் அந்தக் காளான் என்று நம்பி இதை நிறையச் சாப்பிட்டு இறந்துபோனார். புள்ளி உதிர்ந்த குடைக்கு அவ்வளவு வலிமை உண்டு.

இனி நஞ்சு. இதில் பெரும் பங்கு இரண்டு பொருட்களுக்கு: ஐபோடெனிக் அமிலம், மஸ்கிமால். முன்னது, மூளையைத் தூண்டிவிடும் குளுட்டமேட்டைப் போல நடிக்கிறது. பின்னது, மூளையை அடக்கிவைக்கும் காபாவைப் போல நடிக்கிறது. ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் முடுக்கியும் தடையும் அழுத்தப்படுவதால்தான், சாப்பிட்டவர் ஒரு நேரம் கத்திக் குதித்து, அடுத்த நேரம் எழுப்ப முடியாத தூக்கத்தில் விழுகிறார். வாந்தி, தசைத் துடிப்பு, பொருள்கள் பெரிதாகவும் சிறிதாகவும் தெரிவது, குழந்தைகளுக்கு வலிப்பு வரை போகலாம். சரியான கவனிப்பு இருந்தால் பெரும்பாலானோர் ஒரு நாளுக்குள் தெளிந்துவிடுகிறார்கள். மரணம் அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயில் போவதும், குளிரில் நினைவின்றிக் கிடப்பதும் நஞ்சைவிட ஆபத்து.

இங்கே மருத்துவ வரலாற்றில் ஒரு பிழை உண்டு. 1869இல் இந்தக் காளானிலிருந்து மஸ்காரின் என்ற நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். காளானின் பெயரே அதற்கும் வந்ததால், எல்லாத் தீங்கும் அதனால்தான் என்று நினைத்து முறிமருந்தாக அட்ரோபின் கொடுக்கச் சொன்னார்கள். உண்மையில் இதில் மஸ்காரின் இருப்பது துளியளவு. வியர்த்துக் கொட்டி, எச்சில் வழிந்து, கண்மணி சுருங்கும் அறிகுறிகள் தெளிவாக இல்லாதபோது அட்ரோபின் கொடுத்தால் உளறல் இன்னும் கூடும். 1960களில்தான் உண்மையான இரண்டு நஞ்சுகளும் பிரித்தறியப்பட்டன.

வேகவைத்துச் சாப்பிடலாம் என்பவரிடம் ஒரு பாதி உண்மை இருக்கிறது. இந்த நஞ்சு சூட்டில் அழியாது. ஆனால் தண்ணீரில் கரையும். ஜப்பானின் நாகானோ பகுதியில் வேகவைத்து, நீரைக் கொட்டி, உப்பில் ஊறப்போட்டு உண்ணும் வழக்கம் பதிவாகியுமிருக்கிறது. ஆனால் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மெல்லிய துண்டு, எத்தனை முறை வடித்தல் என்பதைப் பொறுத்து உள்ளே தங்கும் நஞ்சின் அளவு மாறும். காளானுக்குக் காளானும் மாறும். கோடையில் முளைத்ததில் இலையுதிர் காலத்துக் காளானைவிடப் பலமடங்கு நஞ்சு இருக்கலாம். குழம்பாக வைத்தால் கரைந்த நஞ்சு முழுவதும் குழம்பில்தான் நிற்கும். காயவைத்தால் போய்விடும் என்பதும் தவறு. காயும்போது ஐபோடெனிக் அமிலம் கரியமில வாயுவை இழந்து, அதைவிட வீரியமான மஸ்கிமாலாக மாறுகிறது. பட்டினி கிடக்காத எவருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

நான் உண்மையாகவே கவலைப்படுவது இந்தச் சிவப்புக் காளானைப் பற்றி அல்ல. கதைப் புத்தகத்திலும் கைப்பேசிப் படக்குறியிலும் ‘விஷக் காளான்’ என்றால் இதைத்தான் வரைகிறார்கள். பார்த்துப் பார்த்து, விஷம் என்றால் பளிச்சென்று நிறம் காட்டும், மங்கலாகவோ வெள்ளையாகவோ இருப்பது சாது என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. நேர்மாறு இதே அமானிட்டா பேரினத்துக்குள்ளேயே இருக்கிறது. டெத் கேப் என்ற அமானிட்டா ஃபல்லாய்டிஸ், சாம்பல் கலந்த வெளிர்பச்சைக் குடையோடு பார்க்க எளிமையாக இருக்கும். அதன் உறவான டெஸ்ட்ராயிங் ஏஞ்சல் தும்பைப்பூ வெள்ளை. உலகெங்கும் காளான் தின்று நேரும் மரணங்களில் பெரும்பாலானவை இந்த வகையறாவின் அமாடாக்சின் நஞ்சால்தான். பெரிய டெத் கேப் ஒன்றில் பாதிக் குடை ஒரு பெரியவரைக் கொல்லப் போதும். சுவை நன்றாகவே இருக்கும் என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வேகவைத்தாலும், காயவைத்தாலும், உறையவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

பூச்சி அரித்தது நல்லது என்ற நம்பிக்கை அதனால்தான் ஆளைக் கொல்லும். நத்தைகளும் புழுக்களும் டெத் கேப்பையும் தின்னும். அவற்றின் உடம்பு வேறு, நம் கல்லீரல் வேறு. வெள்ளிக் காசு கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், தோல் உரிந்து வந்தால் நல்லது என்ற சோதனைகளும் அப்படியே. அமாடாக்சின் வெள்ளியை ஒன்றும் செய்யாது. காட்டுக் காளானுக்குப் பொதுவான சோதனை என்று உலகில் ஒன்றுகூட இல்லை. அடிமுதல் நுனிவரை பார்த்து இனத்தின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் கையில் கொடுக்கும் வரை எந்தக் காளானும் நாய்க்குடை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது காட்டுக் காளானைத் தின்றுவிட்டால், கடிகாரம்தான் முதல் துப்பு. தின்ற நேரத்தையும் முதல் அறிகுறி வந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 2 மணி நேரத்துக்குள் வந்த வாந்தியும் உளறலும் பயமுறுத்தும். ஆனால் பெரும்பாலும் தெளிந்துவிடும் வகை. 6 மணி நேரம் கழித்து, அடுத்த நாள் கூட ஆகலாம், கடும் வயிற்றுப்போக்கும் வாந்தியும் தொடங்கினால் அது அமாடாக்சினாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் நாள் நோயாளி எழுந்து உட்கார்ந்து ‘சரியாகிவிட்டது’ என்பார். அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு அனுப்பக் கூடாத நேரம் அதுதான். பலவகைக் காளானைக் கலந்து சமைத்திருந்தால், சீக்கிரம் வந்த அறிகுறியை வைத்து ‘இது லேசான வகை’ என்று நிம்மதி அடையவும் கூடாது. இரண்டாவது நஞ்சு பின்னால் வரலாம்.

உப்புத்தண்ணீர் கொடுத்தோ விரல் விட்டோ வாந்தி எடுக்கவைக்காதீர்கள். மயங்கப் போகிறவருக்கு அது மூச்சை அடைக்கும். அரைமயக்கத்தில் இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மிச்சக் காளான், சமைத்த மீதி, குப்பையில் போட்ட தோல், எதையும் வீசாமல் காகிதப் பையில் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்துச் சில மணி நேரத்தில் கூழாகிவிடும். மேல், கீழ், அடி, குறுக்கு வெட்டு என நாலு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே காளானைத் தின்ற மற்றவர்களையும், நன்றாக இருந்தாலும், கூடவே அழைத்துப் போக வேண்டும்.

வீட்டில் நாய் இருந்தால் ஒரு வார்த்தை. நாய்கள் ஃப்ளை அகாரிக்கைத் தேடிப்போய்த் தின்பதுண்டு. தின்ற நாய் தள்ளாடி, துடித்து, செத்ததுபோலக் கிடக்கும். ‘இனிப் பிழைக்காது’ என்று அவசரப்பட்டுக் கருணைக்கொலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கதகதப்பும் நரம்பு வழித் திரவமும் மூச்சுக் கண்காணிப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் எழுந்துவிடுபவை நிறைய.

கதைகளுக்கு வருவோம். கண்ணால் பார்த்து எழுதியதையும், பின்னால் யாரோ ஊகித்ததையும் தனித்தனியாக வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

சைபீரியா கண்ணால் பார்த்த பக்கம். சுவீடன் நாட்டுப் போர்க் கைதியாக ரஷ்யாவில் இருந்த ஸ்ட்ராலன்பர்க், 1730இல் வெளியிட்ட நூலில், கொர்யாக் மக்கள் இந்தக் காளானை மயக்கத்துக்காக உண்டதையும், வாங்க வசதியில்லாத ஏழைகள் உண்டவரின் சிறுநீரைப் பிடித்துக் குடித்ததையும் எழுதினார். அருவருப்பாக இருந்தாலும் வேதியியலுக்குப் பொருந்துகிறது: மஸ்கிமால் பெரிதும் சிதையாமல் சிறுநீரில் வெளியேறுகிறது. கொர்யாக் மக்களின் பெரிய காக்கை கதையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைக்கப்பட்டது. கரை ஒதுங்கிய திமிங்கிலத்தைக் கடலுக்கு அனுப்ப, அதன் வழிச்சோற்றுப் பையைத் தூக்க வேண்டும், காக்கையால் முடியவில்லை. வானத்துக் கடவுள் பூமியில் உமிழ்ந்தார். உமிழ்நீர் விழுந்த இடத்தில் புள்ளித் தொப்பி வைத்த ‘வாபாக்’ முளைத்தது. காக்கை அதைத் தின்று, பையைத் தூக்கி, திமிங்கிலத்தை அனுப்பிவைத்தது. ‘இது பூமியிலேயே இருக்கட்டும், என் பிள்ளைகள் இது காட்டுவதைப் பார்க்கட்டும்’ என்றும் சொல்லிற்று. மகளுக்குச் சொல்லக் கதை வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள். ஒரு மக்கள் தாங்களே சொல்லிக்கொண்ட கதை இது.

சோமம் இதுதான் என்பது 1968இல் கார்டன் வாஸன் என்ற வங்கியாளர் முன்வைத்த கருத்து. ரிக் வேதம் சோமத்துக்கு இலை, வேர், பூ எதையும் சொல்லவில்லை என்பதும், சிறுநீரோடு தொடர்புடையதாக அவர் படித்த ஒரு வரியும் அவருடைய முக்கிய ஆதாரங்கள். சமஸ்கிருத அறிஞர் ஜான் ப்ரோ 1971இல் அந்த வாசிப்பை விரிவாக மறுத்தார். சோமம் குடித்தவர்கள் விழிப்பும் வேகமும் பெறுவதாகப் பாடல்கள் சொல்கின்றன. இந்தக் காளானோ ஆளைத் தூங்கவைக்கிறது. எனக்கு அந்த ஒரு முரண்பாடே போதுமானதாகப் படுகிறது. வைக்கிங் வெறிவீரர்கள் இதைத் தின்றுவிட்டுப் போருக்குப் போனார்கள் என்பதும் 1784இல் ஓட்மான் என்ற சுவீடன் அறிஞர் செய்த ஊகம். பழைய நார்ஸ் கதைகளில் காளான் வருவதே இல்லை. கிறிஸ்துமஸ் தாத்தா கதை இன்னும் பலவீனமானது. இன்று நாம் காணும் அந்த உருவம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் உருவானது. கலைமான் இந்தக் காளானை விரும்பித் தின்னும் என்பதும், ஜெர்மன் பேசும் நாடுகளில் இது அதிர்ஷ்டச் சின்னமாகப் புத்தாண்டு வாழ்த்து அட்டைகளில் இடம்பெறுவதும் உண்மை; அந்த இரண்டையும் தைத்து ஒரு சட்டை தயாரித்துவிட்டார்கள்.

தூக்க மிட்டாயை வாங்காதீர்கள். உள்ளே எந்தக் காளான், எவ்வளவு மஸ்கிமால் என்பதை வாங்குபவர் அறிய வழியே இல்லை. 2024இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்ட இப்படிப்பட்ட மிட்டாய் வகை ஒன்றைச் சோதித்தபோது, வலிப்புக்குக் கொடுக்கும் ப்ரீகாபலின் மருந்து கூட அகப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில், இந்தக் காளானையோ அதன் சாற்றையோ மஸ்கிமாலையோ உணவுப் பொருளில் சேர்க்க அனுமதி இல்லை என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது.

கண்காட்சிக்கு உண்மையான காளானை வைக்க வேண்டாம் என்பேன். காய்ந்தால் நிறம் மங்கி, சுருங்கி, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் போகும். நஞ்சு மட்டும் அப்படியே இருக்கும். கூட்டத்தில் ஒரு குழந்தை பிய்த்து வாயில் போட எவ்வளவு நேரம் ஆகும்? காளானின் படங்களும், கறுப்புத் தாளில் பதிந்த வெள்ளை வித்துத்தூளும், ஒரு களிமண் உருவமும் போதும். வித்துத்தூள் தாளின் மேல் கண்ணாடி ஒட்டிவிடுங்கள். களிமண்ணில் செய்யும்போது புள்ளிகளைச் சமமாக வரைந்துவிடாமல், சின்னதும் பெரியதுமாகத் துணுக்குகளைக் கிள்ளி ஒட்டச் சொல்லுங்கள். உச்சியில் நெருக்கமாகவும் ஓரத்தில் விலகியும் இருக்கட்டும். தண்டின் அடியை மறைக்காமல் மண்ணை வெட்டிக் காட்டுவதுபோல வைத்து, பருத்த அடியையும் செதில் வளையங்களையும் காட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு பைன் வேரின் நுனியை வெள்ளை நூலால் சுற்றி வையுங்கள். பூமிக்கு மேலே நாம் பார்ப்பது பழம் மாதிரி. உயிர் இருப்பது வேர்களைப் போர்த்திய அந்த நூல்களில். மரத்துக்கு நீரும் பாஸ்பரஸும் கொடுத்து, மரத்திடமிருந்து சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. பைன் நாற்றுகளின் வேரோடு ஒட்டிக்கொண்டுதான் இது ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போய்ச் சேர்ந்தது.

அதனருகில் டெத் கேப் ஒன்றையும் செய்யச் சொல்லுங்கள்: வெளிர்பச்சைக் குடை, வெள்ளைச் செவுள், வளையம், அடியில் தளர்ந்த வெள்ளைப் பை. இரண்டையும் பெயர்ச்சீட்டு இல்லாமல் முன்னால் வைத்து, ‘இதில் எது கொல்லும்?’ என்று வருகிறவர்களிடம் மகளே கேட்கட்டும். சீட்டைப் பிறகு திருப்பிக் காட்டினால் போதும்.